அந்தரத்தில் நின்ற போஸ்ட்மேன்

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் மருமகளாக வந்தவள் அவள். என் கணவருடைய அண்ணன் மனைவி. முறைக்கு ஓரகத்தி, வாய்க்கு அக்கா. மாமியார் அவளைப் பெரியவ என்பார், என்னைச் சின்னவ என்பார். அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேர் சொந்தப் பெயரும் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம். எதற்கும் நாலு எண்ணுவாள். பால் பொங்கி வரும்போது நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவள் நின்ற இடத்தில் நின்று, உதடு மட்டும் அசைய ஒன்று, இரண்டு என்று எண்ணி, நாலில் போய் அடுப்பை அணைப்பாள். ஒரு சொட்டு வழிந்து நான் பார்த்ததில்லை. புதுசாக வந்தவள் என்ற முறையில் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. இவ்வளவு நிதானம் யாருக்கு ஆகும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பது மாடி அறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பண்டசோழநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரும்பு, முன்னால் ரோடு. மொட்டை மாடியில் ஒரே ஒரு அறை. அதில் பழைய டப்பா டிவி ஒன்றும், அதோடு ஒயர் மாட்டிய ஒரு டிவி கேமும் இருந்தன. பெரியவர், அதாவது அவள் கணவர், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரு லீவில் வந்தபோது நாத்தனார் மகளுக்காகப் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் அதை வாங்கி வந்தாராம். அந்தப் பெண் இரண்டு நாள் ஆடிவிட்டு, படம் கட்டம் கட்டமாக இருக்கிறது, போனிலேயே இதைவிட நல்ல கேம் இருக்கிறது என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தால் முப்பது தேறும். அந்த முப்பதில் கடைசிப் பக்கத்தில், பெயர் கூடப் புரியாத எழுத்தில் கிடந்த ஒன்றைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள்.

தோளில் பை மாட்டிய ஒரு சின்ன ஆள். திட்டுத் திட்டாகத் தொங்கும் செங்கல் மேல் எகிறி எகிறிப் போய், ஸ்டேஜ் கடைசியில் ஒரு கதவில் கடிதம் ஒன்றைச் செருகுவான். கதவு திறக்கும். அடுத்த ஸ்டேஜ். அவ்வளவுதான் ஆட்டம். அவனுக்குத் துப்பாக்கி கிடையாது, எதிரி தலையில் ஏறி மிதிக்கவும் தெரியாது. ஒரு தடவை எகிறிவிட்டால் காற்றில் அவனைத் திருப்பவே முடியாது. எந்தப் பக்கம் எகிறினானோ அந்தப் பக்கம் போய்த்தான் விழுவான். மற்ற ஆட்டங்களில் எல்லாம் ஆள் அந்தரத்தில் இருக்கும்போதே இப்படி அப்படி இழுத்துக்கொள்ளலாம். அதனாலேயே நாத்தனார் மகள் இதை ஒரே நிமிடத்தில் சீ என்று தள்ளியிருக்கிறாள். அக்காவுக்குப் பிடித்ததும் அதுவேதான்.

"மத்தவனெல்லாம் பொய்யிடி. எகிறினப்புறம் மனசு மாறிக்கிறான். இந்தப் போஸ்ட்மேன் அப்படி இல்ல. எகிறினா எகிறனது தான். அதனால தான் அவன் எகிறதுக்கு முன்னாடியே ரோசன பண்ணிக்கிறான்" என்பாள்.

ஒவ்வொரு எகிறலுக்கு முன்னாலும் உதட்டுக்குள் நாலு எண்ணிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். நான் நாலைந்து நாள் சிரித்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு நானும் ரிமோட்டைக் கேட்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல ஆட்டம். மூன்றாவது ஸ்டேஜில் மழை பெய்யும்; பெய்தால் செங்கல் வழுக்கும். நாலாவதில் கதவு மேலே இருக்கிறதே என்று ஏறினால் ஏமாந்தோம், உண்மைக் கதவு கீழே ஒரு செடிக்குப் பின்னால் இருக்கும். ஒவ்வொரு கதவும் திறக்கும்போது நாலு சுரத்தில் ஒரு சின்னப் பாட்டு வரும். அதை அவள் கறிவேப்பிலை உருவும்போதுகூட முணுமுணுப்பாள். உலகத்தில் இதை எத்தனை பேர் ஆடியிருப்பார்கள் என்று தெரியவில்லை. பேர் தெரியாததால் இன்றைக்கு யாரிடமும் விசாரிக்கவும் முடியவில்லை.

அதில் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. அணைத்தால் முதல் ஸ்டேஜ்தான். அதனால் கீழே இருந்து மாமியார் கூப்பிடும்போதெல்லாம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போவாள். மாமியார் குரல் எப்போதும் போஸ்ட்மேன் எகிறும்போதுதான் வரும். இரண்டு செங்கலுக்கு நடுவே, கால் விரிந்து, பை ஆடி, அப்படியே நின்றுபோவான். நாங்கள் கீழே போய் மாவரைத்து, மாட்டுக்குப் புல் போட்டு, சோறாக்கி, துணி மடித்து, மறுபடி மேலே வந்து டிவியைப் போட்டால் அதே இடத்தில் நிற்பான். ஒரு தடவை மூன்று நாள் நின்றான்.

"பாவம்க்கா" என்றேன்.

"இன்னா பாவம். வுழுந்துடலியே. நிக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஆறு ஸ்டேஜ் தாண்டி வந்ததெல்லாம் போச்சு. எனக்கு அழுகையே வந்தது. அவள் கரண்ட் வந்ததும் முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் முதல் முறையாக எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம் வந்தது.

அவள் டிப்ளமா லேப் டெக்னீசியன். பாகூர்ப் பக்கத்திலிருந்து தினம் பஸ் ஏறிப் போய்ப் படித்தவள். கல்யாணமான வாரமே, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டும் என்று சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கினாராம் மாமியார். வேலை முடிந்ததும், பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு ஃபைலில் போட்டுத் தன் பீரோவில் வைத்துவிட்டார். நான் வந்தபோது என் பி.எஸ்சி. கணக்கும் அதே ஃபைலுக்குள் போனது. சாவி, சாமி படத்துக்குப் பின்னால். ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் பீரோ அறை வாசலுக்கு நேரே கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமியார். அங்கிருந்தே முன்வாசல் தெரியும், அடுக்களை தெரியும், தோட்டத்துக் கதவும் தெரியும். பகலில் கண்ணயராத மனுசி.

மூலக்குளத்தில் ஒரு லேபில் ஆள் கேட்கிறார்கள் என்று அவள் ஒரு தடவை ஃபைலைக் கேட்டாள். அப்போது நானும் இருந்தேன். மாமியார் கத்தவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"நம்ம வூட்டு மருமவ அடுத்தவன் மூத்திரத்த டப்பாவுல வாங்கிப் பாக்கணுமா. அவன் மஸ்கட்டுல சம்பாரிக்கறது பத்தலியா. போயி வேலயப் பாரு."

பெரியவரிடம் போனில் சொன்னாள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார் அவர். மாமனார் கழனியிலிருந்து வந்து சாப்பிட்டு மறுபடி கழனிக்குப் போனார். டூப்ளிகேட் வாங்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

"தொலையலயே. பத்தடி தள்ளி இருக்குது. இன்னான்னு எழுதித் தர்றது?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவள் எண்ண ஆரம்பித்திருந்தாள். மாமியார் மூன்று பத்துக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்திருப்பார், நிமிடக் கணக்கில் திரும்பிவிடுவார். செவ்வாய் வெள்ளியில் பூக்காரி வரும்போது வாசல் வரை போவார், ஆனால் முகம் கூடத்தைப் பார்த்தே இருக்கும். மூட்டு வலி வந்த பிறகு மாடிப்படி ஏறுவதே இல்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் வேடிக்கை போலச் சொல்வாள். ஐந்தாவது ஸ்டேஜில் கதவுக்கு முன்னால் இங்கும் அங்கும் நடக்கும் கொக்கித் தலையன் ஒருவன் உண்டு. அவனைத் தாண்டவே முடியாது. அவனை எப்படிக் கடப்பது என்று காட்டிக்கொடுத்ததும் அவள்தான். ஏணிக்கு மேலே போய் நின்று சத்தம் வருகிற மாதிரி இரண்டு குதி குதித்தால், அவன் நம்மைப் பிடிக்க மேலே ஏறி வருவான்.

"அத நம்மாண்ட வர வுடணும். வந்தா தான் அது எடம் காலியாவும். அப்ப அந்தாண்ட குதிச்சிடு" என்பாள்.

எனக்கு ஆட்டம் மட்டும்தான் கேட்டது.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அடுக்களையில் ஓரமாக இழுத்துச் சொன்னாள்: இன்று அந்த லேபில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேசிவிட்டு வரக் கையில் இருக்கும் ஜெராக்ஸ் போதும். மாமியார் மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரம் பார்த்துப் பின்பக்கம் கரும்பு வழியாகப் போய்விடுவாள். நாலரைக்குள் வந்துவிடுவாள். அதுவரை மாடியில் கேம் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் மாமியார் தேட மாட்டார்.

"ஏழாவதுல நிறுத்தி வெச்சிருக்கேன். ஸ்டார்ட்ட அழுத்திட்டு ஆடு. சத்தத்த கொறைக்காத."

"நான் ஏழாவது ஆடனதே இல்லக்கா. செத்துடுவேன்."

"சாவு. இன்னா இப்ப? மறுபடி ஆடறியான்னு கேக்கும், ஆமான்னு குடு."

ஏழாவதை எனக்கு விட்டுக் கொடுத்தாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றரைக்கு உட்கார்ந்தேன். ஏழாவதில் சங்கிலியில் கட்டிய முள் உருண்டைகள் மூன்று, வேறு வேறு வேகத்தில் சுற்றும். முதல் உருண்டையிலேயே செத்தேன். போஸ்ட்மேன் செத்தால், இறங்கு சுரத்தில் டொய்ங், டொய்ங், டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். மறுபடி ஆடினேன். மறுபடி அந்தச் சத்தம். கால் மணி நேரத்தில் பத்துப் பதினைந்து தடவை செத்திருப்பேன். கீழே இருந்து மாமியார் குரல் வந்தது.

"இன்னாடி பெரியவளே, இன்னிக்கி இம்மாம் சாவு சாவற?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருடமாக அந்தக் கிழவி கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா ஒரு மத்தியானத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் சாவாள். அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதில் சொல்லாமல் ஆடினேன். பதற்றத்தில் அடுத்தடுத்து மூன்று தடவை செத்தேன். கீழே நாற்காலி நகர்ந்தது. பிறகு படியில் ஒவ்வொரு காலாக, மூச்சு வாங்க, பதினாறு படி.

வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியவ எங்க?"

"பாத்ரூம் போயிருக்காங்க அத்த."

பொய் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். மாமியாரால் உடனே இறங்க முடியவில்லை. அங்கிருந்த டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி டிவியைப் பார்த்தார்.

"இதுதானா. இந்த ஆளு இன்னா பண்றான்?"

"லெட்டர் குடுக்கப் போறான் அத்த."

"யாருக்கு?"

"தெரியாது. கதவுல சொருவிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவான்."

"ஒரு வா தண்ணி கூட குடுக்க மாட்டாங்களா அவனுக்கு" என்றார். அப்போது கீழே முன்வாசல் இரும்புக் கேட் சத்தம் கேட்டது.

மாமியார் எழுந்து கைப்பிடிச் சுவருக்குப் போனார். நானும் போனேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் அவள் வெளியே வந்திருந்தாள். கரும்பு வழியாக எங்கேயும் போயிருக்கவில்லை. தோட்டத்துக் குளியலறையில், என் சாவுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள். மாமியார் படியேறும் சத்தம் கேட்டதும் உள்ளே வந்து, சாவியை எடுத்து, பீரோவைத் திறந்திருக்கிறாள். இப்போது ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தாள். ஓடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஓடுடி. போயி புடிச்சி நிறுத்து" என்றார் மாமியார்.

"இத நிறுத்திட்டு வரேன் அத்த" என்று அறைக்குள் வந்தேன்.

ஸ்டார்ட்டை அழுத்தினேன். டிவியை அணைத்தேன். அங்கேயே நின்று நாலு எண்ணினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம்தான் படி இறங்கினேன். கேட்டுக்கு வந்தபோது பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பேச்சு எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. நீயும் கூட்டு என்றார் மாமியார். என் கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஃபைல மொத்தமா தூக்கினு போயிட்டா, உன்னுதயும் சேத்து" என்று வேறு சொன்னார். அன்று முழுக்க உட்கார்ந்து யோசித்து, உண்மையைக் கண்டுபிடித்தேன். நான் காவலுக்கு உட்காரவில்லை. ஏணிக்கு மேலே சத்தம் போட்டுக் குதிக்கத்தான் என்னை உட்கார வைத்தாள். நான் சாவேன் என்று தெரிந்துதான் ஏழாவதைக் கொடுத்தாள். அக்கா, அக்கா என்று பின்னாலேயே சுற்றியவளை இப்படி மாட்டிவிட்டுப் போனாளே என்று இருந்தது. இனி அவள் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை சோற்றுக்கு அரிசி அளக்க டிரம்மில் கை விட்டேன். அளக்கும் படிக்கு அடியில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே என் டிகிரி, என் மார்க் ஷீட்டுகள், என் டி.சி. எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு துண்டுச் சீட்டு கூட எழுதி வைக்கவில்லை. மாமியார் பதினாறு படி ஏறி இறங்குவதற்குள், தன் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். நின்று, என்னுடையதைப் பிரித்து, என்னைத் தவிர யாரும் கை விடாத டிரம்மில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கோபப்பட்டுக்கொண்டிருப்பது எவ்வளவோ வசதியாக இருந்தது. அதையும் கெடுத்துவிட்டாள்.

கவரை மறுபடி அரிசிக்கு அடியிலேயே வைத்தேன். நேரம் பார்த்து எடுக்கலாம் என்று.

ஏழு வருடமாகிவிட்டது. அக்கா கடலூர்ப் பக்கம் ஏதோ லேபில் இருக்கிறாள் என்று நாத்தனார் சொன்னாள். பெரியவருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்தார்கள். அவர்கள் தனியாகப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு பெண். பள்ளிக்கூடம் போகிறாள். டிவி கேமை மாமியார் பரணில் போடச் சொன்னார். ஆறு மாதம் கழித்து நானே இறக்கி மாட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஏழாவதை நான் சாகாமல் தாண்டுகிறேன். கடைசி வரைக்கும் போயாயிற்று. மொத்தம் பத்து ஸ்டேஜ்தான். பத்தாவது கதவு திறந்தால் போஸ்ட்மேன் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்காருவான், அவ்வளவுதான் முடிவு. அதை அவள் பார்க்காமலே போய்விட்டாள்.

டிரம் இரண்டு தடவை மாறியது. கவர் மாறவில்லை. மகள் பிறக்கட்டும் என்றிருந்தேன், பால் மறக்கட்டும் என்றிருந்தேன், பள்ளியில் சேரட்டும் என்றிருந்தேன். மாமியாரின் கண் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருப்பதாகத்தான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ஒரு கை வேண்டும்.

போன வாரம் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே கூப்பிட்டார்.

"சின்னவளே, அரிசியில வண்டு வெச்சிருக்குது போல. வெயில்ல கொட்டு. அடியில கெடக்கற உன் கவர எடுத்து எங்கனா நல்ல எடமா வையி. அரிச்சிடப் போவுது."

எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன்.

"அத்தைக்கு எப்பத் தெரியும்?"

"நீ புள்ள பெக்க உங்கம்மா வூட்டுக்குப் போனியே, அப்ப நாந்தான அளந்தேன்."

"எடுத்துப் பூட்டி வெக்கலியா?"

"எதுக்கு?" என்றார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "நீ போவ மாட்ட."

அதில் கோபமோ குத்தலோ இல்லை. மூன்று பத்துக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று சொல்கிற குரல்தான். அக்கா அவரை எண்ணிய அதே வருடங்களில், அவர் கீழே உட்கார்ந்து என்னை எண்ணியிருக்கிறார்.

அரிசியை வாசலில் சாக்கு விரித்துக் கொட்டினேன். கவரைத் தட்டித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கேட் திறந்துதான் கிடந்தது. மெயின் ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது. உதட்டுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

பஸ் போன பிறகும் மூன்றிலேயே நின்றுகொண்டிருந்தேன்.